2000 டிகிரி கிராஃபைட் உலை: டங்ஸ்டன்-ரீனியம் தெர்மோகப்பிள் எட்டு ஹீட்டுக்கு மேல் தாங்கவில்லை

கருப்பூர்_உலை எழுதியது:

வணக்கம். சேலம் கருப்பூர் பக்கம் ஒரு சிறிய சோதனை உலை. கிராஃபைட் ஹீட்டர், சுற்றிலும் கிராஃபைட் ஃபெல்ட், தண்ணீர் ஓடும் எஃகு உடம்பு. சூடான பகுதி 150 மி.மீ. விட்டம், 200 மி.மீ. உயரம். முதலில் ரோட்டரி பம்ப்பில் காற்றை இழுத்துவிட்டு ஆர்கான் நிரப்பி, மெல்லிய ஓட்டத்தில் விட்டு 2000 டிகிரி வரை போகிறோம். அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தம். இப்படி ஒருமுறை ஏற்றி இறக்குவதுதான் ஒரு ஹீட். உள்ளே வைப்பது நம்மூர் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டு அரைத்து அழுத்திய மெக்னீசியா வில்லைகள். சில நாள் மெக்னீசியா-கார்பன் செங்கல் துண்டும் வைப்போம். எல்லாம் திறந்த கிராஃபைட் தட்டில்தான்.

தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகள் தரும் மில்லிவோல்ட்டைக் கொண்டு சூட்டை அளப்பது) டங்ஸ்டன்-ரீனியம் சி டைப், 0.5 மி.மீ. கம்பி, இரட்டைத் துளை அலுமினா இன்சுலேட்டர், வெளியே 6 மி.மீ. மாலிப்டினம் உறை. மேல் மூடி வழியாக நேராகத் தொங்குகிறது. சிக்கல் இதுதான்: முதல் மூன்று நான்கு ஹீட் சுத்தமாக ஓடும். அதற்குப் பிறகு அதே கிலோவாட்டுக்கு ரீடிங் 40, 50 டிகிரி குறைவாகக் காட்டும். 1850-ஐத் தாண்டினால் முள் ஆடுகிற மாதிரி 15 டிகிரி மேலும் கீழும் குதிக்கும். ஏழாவது எட்டாவது ஹீட்டில் ஓப்பன், கம்பி அறுந்துவிடும். பிரித்தால் கம்பி சேமியா போல ஒடிகிறது. மூடியின் உள்பக்கம் சாம்பலும் வெள்ளையுமாக மாவு படிந்திருக்கும்.

கம்பியைத் தடிப்பாக்கலாமா? பெரிலியா (பெரிலியம் ஆக்சைடு) இன்சுலேட்டர் வாங்கலாமா? அல்லது இதை விட்டுவிட்டு, ஒளியைப் பார்த்துத் தொடாமலே சூட்டை அளக்கும் பைரோமீட்டருக்கே போய்விடலாமா?

மில்லிவோல்ட் எழுதியது:

கம்பிக்குப் போவதற்கு முன் கேபிளைச் சொல்லுங்கள். தெர்மோகப்பிள் தலையிலிருந்து பேனல் வரை என்ன கேபிள் இழுத்திருக்கிறீர்கள்? கையில் இருந்த கே டைப் (நிக்கல் கலவை வகை) கேபிளா, சாதாரணத் தாமிரமா, சி டைப்புக்கென்றே, அதே மில்லிவோல்ட் தரும்படி வரும் காம்பன்சேட்டிங் கேபிளா? பத்தில் எட்டு இடத்தில் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு இது. அறை வெப்பநிலைப் பக்கம் கே டைப் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும், சி டைப் சுமார் 15 மட்டும். கே கேபிள் போட்டால் தலைக்கும் பேனலுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 26 மைக்ரோவோல்ட் கூடுதலாகச் சேருகிறது. சி டைப்பின் உணர்திறன் 600 டிகிரி பக்கம் 19, 20 என்று நன்றாக இருக்கும். மேலே போகப் போக விழுந்து 2000-ல் 12-க்குப் பக்கம் வந்துவிடும். ஆகவே தலையில் ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் உலையில் இரண்டு டிகிரிக்கு மேல் பொய். தலை எவ்வளவு சூடு என்று சொன்னால் எத்தனை டிகிரி ஏமாந்தீர்கள் என்று சொல்லிவிடலாம். தாமிரக் கம்பி போட்டிருந்தால் பொய் எதிர்ப்பக்கம் இருக்கும், ரீடிங் குறைவாகக் காட்டும்.

சோதிக்க உலையைச் சூடாக்க வேண்டியதில்லை. எல்லாம் குளிர்ந்திருக்கும்போது தலைக்கு மட்டும் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். சரியான கேபிள் என்றால் ரீடிங் அசையாது. கே கேபிள் என்றால் தலை 40 டிகிரி ஏறுவதற்குள் ரீடிங் 70 டிகிரி ஏறிவிடும்.

கூடவே இரண்டு விஷயம். கம்பிச் சுருளில் உள்ள சீட்டைப் பாருங்கள். 5 சதவீத ரீனியமும் 26 சதவீத ரீனியமும் சேர்ந்தது சி. 3-ம் 25-ம் என்றால் அது டி. 5-ம் 20-ம் என்றால் ஏ. மூன்றும் ஒரே மாதிரி சாம்பல் கம்பிதான், கண்ணால் பிரிக்க முடியாது. சி டைப் 2315 டிகிரியில் சுமார் 37 மில்லிவோல்ட் தரும், டி டைப் அதே இடத்தில் 39-ஐத் தாண்டும். கன்ட்ரோலரில் ஒன்றைத் தேர்ந்து உலைக்குள் மற்றதை வைத்தால் இருநூறு டிகிரி போய்விடும். ரீனியம் குறைவான கால்தான் பாசிட்டிவ். கேபிள் அமெரிக்க நிறத்தில் வந்தால் சிவப்பு நெகட்டிவ். நம்ம எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் சிவப்பைப் பாசிட்டிவில்தான் முறுக்குவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்னொன்று, கன்ட்ரோலரில் பர்ன்-அவுட் செட்டிங் 'அப்ஸ்கேல்' என்று இருக்கிறதா? 'டவுன்ஸ்கேல்' என்று இருந்தால் கம்பி ஒடிந்த நொடியில் உலை குளிர்ந்துவிட்டதாக நினைத்து அது முழு பவரையும் கொடுக்கும். எட்டு ஹீட்டுக்கு ஒருமுறை கம்பி ஒடிகிற உலையில் இது விளையாட்டல்ல.

தீச்செங்கல் எழுதியது:

மில்லிவோல்ட் சொன்னது அளவீடு. ஆனால் கம்பி சாவது வேறு காரணத்தால். அந்தச் சாம்பல் வெள்ளை மாவிலேயே விடை இருக்கிறது.

மெக்னீசியாவும் கார்பனும் சூட்டில் சேர்ந்தால் மெக்னீசியம் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் வரும். வளிமண்டல அழுத்தத்தில் சமநிலை சுமார் 1850 டிகிரியில். ஆர்கான் ஓடிக்கொண்டே இருந்தால், வரும் வாயுவை அது அள்ளிக்கொண்டு போவதால், அதற்கும் கீழேயே தொடங்கிவிடும். வெற்றிடத்தில் இன்னும் சீக்கிரம். மெக்னீசியா 2852 டிகிரி வரை உருகாது என்ற புத்தகக் கணக்கு இங்கே செல்லாது, உருகுவதற்கு முன்பே கரைந்து போகிறது. அந்த ஆவி குளிர்ந்த மூடியைத் தொட்டதும் வினை திரும்பி மெக்னீசியாவும் கரியுமாகப் படியும். அதனால்தான் சுத்த வெள்ளையாக இல்லாமல் சாம்பல் கலந்து இருக்கிறது. விரலால் தேய்த்தால் கரி ஒட்டும், பாருங்கள். வில்லையை ஹீட்டுக்கு முன்னும் பின்னும் எடை போட்டாலும் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் தெர்மோகப்பிள் எதற்குள் தொங்குகிறது என்று யோசியுங்கள். ஒரு பக்கம் கார்பன் மோனாக்சைடு, மறுபக்கம் மெக்னீசியம் ஆவி. மாலிப்டினம் உறை 1200 டிகிரியிலிருந்தே கார்பனை உறிஞ்சி கார்பைடாக மாறும். உறை நிறைந்த பிறகு கார்பன் உள்ளே போகும், டங்ஸ்டன் கம்பியும் கார்பைடாகும். கார்பைடான கம்பியின் மில்லிவோல்ட் பழைய கம்பியின் மில்லிவோல்ட் அல்ல. நான்காவது ஹீட்டில் ரீடிங் சரிவது இதனால் என்றுதான் நினைக்கிறேன். டங்ஸ்டன் ஒருமுறை 1500-ஐத் தாண்டினாலே உள்ளே உள்ள படிகங்கள் வளர்ந்து குளிரில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அது எல்லா டங்ஸ்டன் கம்பிக்கும் உள்ள குணம், குற்றமில்லை. ஆனால் சேமியா மாதிரி ஒடிவது கார்பைடு.

அலுமினா இன்சுலேட்டரைப் பற்றி. அலுமினா உருகுவது 2050 டிகிரி அளவில். 2000-ல் அது பாதி மெழுகு. போதாக்குறைக்கு மெக்னீசியம் ஆவி பட்டால் மேலே ஸ்பினல் (மெக்னீசியாவும் அலுமினாவும் சேர்ந்த சேர்மம்) உருவாகும். ஸ்பினலும் அலுமினாவும் சேர்ந்த கலவை 2000-க்குச் சற்றுக் கீழேயே திரவமாகும். அலுமினாவை 1700 வரை நம்பலாம், அடம்பிடித்தால் 1800. அதற்கு மேல் ஹாஃப்னியா (ஹாஃப்னியம் ஆக்சைடு). 2758 டிகிரி வரை உருகாது. 1700 பக்கம் அதன் படிக அமைப்பு மாறுவதால் நீளக் குழாய் விரிசல் விடும், ஆகவே 5 முதல் 10 மி.மீ. மணிகளாகக் கோர்க்க வேண்டும். விரிசல் விட்டாலும் மணி கம்பியிலேயே நிற்கும். விலை அதிகம்தான். ஆனால் முழு நீளத்துக்கும் ஹாஃப்னியா தேவையில்லை. அடியில் சூடான 150 மி.மீ. மட்டும் ஹாஃப்னியா, 1600-க்குக் கீழே இருக்கிற மேல் பகுதிக்குப் பழைய அலுமினாவே போதும்.

பெரிலியா வேண்டாம். மின்காப்பாக மிக நல்லது, 2200 வரை போகும், மறுக்கவில்லை. ஆனால் உடைந்தால் வரும் தூசி நுரையீரலைத் தின்னும், நீராவி இருந்தால் ஆவியாகவும் போகும். கம்பி எட்டு ஹீட்டில் உடைந்து, அதைத் தட்டிப் பிரித்தெடுக்கும் பட்டறையில் அதற்கு இடமே கிடையாது. தோரியா கதிரியக்கம், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மெக்னீசியா மணி போடலாமே என்று யாராவது சொன்னால் மேலே எழுதியதை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

கம்பியைத் தடிப்பாக்கினால் இரண்டு மூன்று ஹீட் கூடக் கிடைக்கும், அவ்வளவே. கார்பன் தடிமனைப் பார்த்துப் பயப்படாது.

கருப்பூர்_உலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்று பிரித்துப் பார்த்தாயிற்று.

கேபிள் கே டைப்தான். ஸ்டோரில் இருந்ததை இழுத்திருக்கிறார்கள். ஹீட் நேரத்தில் தலை 75 டிகிரி, பேனலுக்குள் 35. ஹேர் டிரையர் சோதனையில் ரீடிங் எகிறியது. சீட்டில் 5/26 என்றுதான் இருக்கிறது. பர்ன்-அவுட் அப்ஸ்கேலில் உள்ளது.

அடிப்பக்க அலுமினா மணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கண்ணாடி போல இருக்கின்றன. மேலே தலைக்குப் பக்கத்தில் கம்பி நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருக்கிறது. மாவைத் தேய்த்தால் கரி ஒட்டுகிறது. 6 வில்லைகளில் சராசரி எடை இழப்பு 4 சதவீதம்.

இன்னொன்றும் கவனித்தோம். 1900-ல் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் தைரிஸ்டரை ஒரு நொடி நிறுத்தினால் ரீடிங் சடாரென்று 18 டிகிரி இறங்குகிறது, மறுபடி போட்டால் உடனே ஏறுகிறது.

மில்லிவோல்ட் எழுதியது:

நல்ல வேலை. அந்த ஒரு நொடிச் சோதனையை நானே கேட்கவிருந்தேன். கிராஃபைட் ஒரு நொடியில் 18 டிகிரி குளிர்ந்து மறு நொடியில் ஏற முடியாது, அதுவும் உறைக்குள் இருக்கிற கம்பிக்குத் தெரியும்படி. ஆகவே அது வெப்பம் இல்லை, கரண்ட். ஹீட்டரில் ஓடும் மின்சாரம் உருகிய அலுமினா வழியாகக் கம்பிக்குக் கசிகிறது. 1850-க்கு மேல் குதிப்பதும் இதே.

இதன் இன்னொரு முகம் இன்னும் மோசம், ஏனென்றால் அது குதிக்காது, அமைதியாகப் பொய் சொல்லும். மணி சூட்டில் மின்சாரம் கடத்தத் தொடங்கினால் இரண்டு கம்பிகளும் நடுவழியில் ஒன்றையொன்று தொட்ட மாதிரி ஆகிவிடும். அப்போது நுனியின் வெப்பநிலையோடு நடுவில் கசிகிற இடத்தின் வெப்பநிலையும் கலந்து ரீடிங் வரும். உங்கள் உலையில் நுனிதான் மிகச் சூடான இடம் என்றால் ரீடிங் குறைவாக வரும். கம்பி நடுவில் ஹீட்டரின் சூடான பட்டையைத் தாண்டி நுனி சற்றுக் குளிர்ந்த அடிப்பக்கம் நின்றால் கூடுதலாக வரும். எதுவானாலும் நுனியின் உண்மை கிடையாது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது: மில்லிவோல்ட் நுனியில் பிறப்பதில்லை. வெப்பநிலை ஏறி இறங்கும் நீளம் முழுவதிலும் பிறக்கிறது. நுனி வெறும் முடிச்சு. அதனால்தான் நடுக்கம்பி கார்பைடானால் ரீடிங் சரிகிறது, நுனியை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தாலும் திரும்புவதில்லை. பழைய சி டைப்பை உலைக்குள் 30 மி.மீ. மேலே தூக்கி வைத்தாலே ரீடிங் மாறும்.

இப்போது கேபிள் கணக்கு. 40 டிகிரி வித்தியாசத்துக்கு 1 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். 2000-ல் அது ஏறத்தாழ 90 டிகிரி கூடுதல் ரீடிங். புதுக் கம்பியில் நீங்கள் 2000 என்று எழுதி வைத்த ஹீட்டுகள் உண்மையில் 1910 பக்கம். பிறகு கார்பைடும் கசிவும் ரீடிங்கைக் கீழே இழுக்க, அதை ஈடுகட்டக் கன்ட்ரோலர் உலையை மேலே ஏற்றியிருக்கிறது. ஆக ஒவ்வொரு ஹீட்டும் வேறு வெப்பநிலை. பழைய பதிவேட்டை வைத்து வில்லைகளை ஒப்பிட வேண்டாம்.

முக்கியமானது: கேபிளை மட்டும் உடனே மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அன்றைக்கே உலை உண்மையான 2000-க்குப் போகும், அந்த அலுமினா அதே ஹீட்டில் ஒழுகிவிடும். மணி, உறை, கேபிள் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும்.

கசிவைக் குறைக்க: நுனி உறையைத் தொடக் கூடாது, 5 மி.மீ. இடைவெளி. உறை உலை உடம்போடு எர்த் ஆக வேண்டும். கேபிள் முறுக்கிய ஜோடி, மேலே ஷீல்டு, ஷீல்டின் எர்த் பேனல் பக்கம் மட்டும். ஹீட்டர் பஸ்பாரிலிருந்து தள்ளி இழுக்கவும், கடக்க வேண்டி வந்தால் குறுக்காக.

செர்வராயன் எழுதியது:

நீல நிறத்தை யாரும் தொடவில்லை. அது ஈரம். டங்ஸ்டனில் மஞ்சள் பொடி கண்டால் சூட்டில் காற்று நன்றாக நுழைந்திருக்கிறது என்று பொருள். நீலம், ஊதா என்றால் கொஞ்சம் ஆக்சிஜன் அல்லது நீராவி. மங்கிய சாம்பல், ஒடித்தால் கரகரப்பு என்றால் கார்பைடு. தலைக்குப் பக்கத்தில் மட்டும் நீலம் என்பதால் க்ளாண்டில் (தெர்மோகப்பிள் மூடிக்குள் நுழையும் இடத்து அடைப்பு) கசிவு இருக்கலாம், அல்லது ஃபெல்ட்டிலிருந்து வரும் ஈரம் மேலே போய் அங்கே தங்குகிறது. கிராஃபைட் ஃபெல்ட் பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் உலையை ஒரு இரவு திறந்து வைத்தால் மறுநாள் ஹீட் கெட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஹீட்டுக்கு முன் செய்ய வேண்டியது: பம்ப்பைப் போட்டு 0.1 மில்லிபாருக்குக் கீழே இழுங்கள். இழுத்தபடியே 300 டிகிரிக்கு ஏற்றி, அழுத்தம் மறுபடி இறங்கி நிற்கும் வரை காத்திருங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். பம்ப் வால்வை மூடிப் பத்து நிமிடம் அழுத்தத்தைக் கவனியுங்கள். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி ஏறி மெதுவாகி நின்றால் ஈரம் இன்னும் இருக்கிறது. பிறகு ஆர்கான் நிரப்பி மறுபடி இழுத்து, மூன்று முறை. ஆர்கான் 99.999 சதவீதம். வெல்டிங் ஆர்கான் இங்கே உதவாது. அதிலும் சிலிண்டரை அடிவரை காலி செய்ய வேண்டாம், கடைசி பத்து பாரை அப்படியே விட்டுத் திருப்பி அனுப்புங்கள். ரெகுலேட்டரிலிருந்து ரப்பர் ஹோஸ் போட்டிருந்தால் தாமிரக் குழாயாக மாற்றுங்கள், ரப்பர் வழியாகவே ஈரம் ஊடுருவும்.

தெர்மோகப்பிள் உறைக்கும் தனி ஆர்கான் கொடுங்கள். தலையில் ஒரு சிறு நுழைவாய், அடியில் உறையின் பக்கவாட்டில் 1 மி.மீ. துளை ஒன்று. நிமிடத்துக்கு கால் லிட்டர் போதும். உள்ளிருந்து வெளியே வாயு ஓடிக்கொண்டே இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வர வழியில்லை. கூடக் கொடுத்தால் நுனி குளிர்ந்து ரீடிங் குறையும். ஓட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள், ரீடிங் 3 டிகிரிக்கு மேல் அசைந்தால் ஓட்டம் அதிகம்.

கோர்க்கும்போது: கம்பியைக் கையால் தொடாமல் அசிட்டோனில் துடைத்துவிட்டுக் கோருங்கள். எண்ணெயும் கார்பன்தானே. வளைக்க வேண்டிய இடத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, பெரிய வளைவாக வளையுங்கள். குளிர்ந்த டங்ஸ்டனை இடுக்கியால் மடக்கினால் நீளவாக்கில் பிளக்கும், அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே காத்திருக்கும். நுனியை ஆர்கான் நிறைந்த பெட்டிக்குள் டிக் வெல்டிங்கில் ஒரு சிறு உருண்டையாக உருக்கினால் போதும். வெள்ளிப் பற்று, பித்தளைப் பற்று எதுவும் கூடாது. மேல் முனையில் மட்டும் கம்பியைப் பிடியுங்கள், அடியில் சிமென்ட் பூச வேண்டாம். மணியும் கம்பியும் வெவ்வேறு அளவு நீளும், இரண்டு முனையிலும் கட்டினால் கம்பிதான் தோற்கும்.

புதுக் கம்பியை முதல் ஹீட்டில் நம்பாதீர்கள். வில்லை எதுவும் வைக்காமல் காலி உலையில், சுத்த ஆர்கானில், வேலை செய்யும் உச்சத்துக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து இறக்குங்கள். இழுத்த கம்பியின் அழுத்தமெல்லாம் அதில் தீர்ந்து ரீடிங் நிலைக்கும். அதற்குப் பிறகு அதைத் தட்டவோ வளைக்கவோ கூடாது.

உலையை 150 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அவசரத்தில் 500-ல் திறந்தால் கம்பியும் போகும், ஃபெல்ட்டும் எரியும்.

மாமாங்கம்_கில்ன் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மேக்னசைட் சுடுகிற ரோட்டரி கில்னில், எரியும் பகுதி 1700-க்கு மேல். அங்கே இந்த சி டைப் போடலாமா? பி டைப் (பிளாட்டினம்-ரோடியம் தெர்மோகப்பிள்) அடிக்கடி போகிறது.

தீச்செங்கல் எழுதியது:

கூடாது. கில்னுக்குள் எரிபொருள் எரியக் காற்று போகிறது. டங்ஸ்டன் 500 டிகிரியிலேயே ஆக்சைடாகத் தொடங்கி, 1000-க்கு மேல் அந்த ஆக்சைடு ஆவியாகவே போகும். ரீனியம் அதைவிட வேகம். மாலிப்டினம் உறையும் அதே வழிதான், புகையாகப் போய்விடும். ஒரு ஷிப்ட் கூட வராது.

பி டைப் அடிக்கடி போகிறது என்றால் உறையைப் பாருங்கள். 99.7 சதவீத அலுமினா, இரட்டை உறை. மலிவான முல்லைட் உறையிலிருந்து சிலிக்கா, குறை எரிப்பில் சிலிக்கானாக மாறிப் பிளாட்டினத்தைத் தின்றுவிடும். எரியும் பகுதிக்கு பைரோமீட்டர் வைத்து, பி டைப்பைப் புகை வெளியேறும் பக்கம் வைப்பதே நடைமுறை. பி டைப்புக்கு ஒரு வசதி, அறை வெப்பநிலைப் பக்கம் அதன் மில்லிவோல்ட் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதால் தாமிரக் கேபிளே போதும். மேலே நடந்த கூத்து அதில் இல்லை.

ஒளிமானி எழுதியது:

முதல் கேள்வியில் பைரோமீட்டர் இருந்தது, அதற்கு வருகிறேன். என் கருத்து நேரடியானது: கார்பனும் மெக்னீசியம் ஆவியும் உள்ள உலையில் 1700-க்கு மேல் தெர்மோகப்பிளை ஒரே சாட்சியாக வைக்கக் கூடாது. மேலே சொன்ன எல்லாத் திருத்தமும் செய்தாலும் சி டைப்பின் தரக் கட்டுப்பாடே ஒரு சதவீதம், அதாவது 2000-ல் கூட்டியோ குறைத்தோ 20 டிகிரி. அது புதுக் கம்பிக்கு.

சி டைப்பை ஏற்றி இறக்கும் வகையில் மூடியில் ஸ்லைடு க்ளாண்ட் போட்டுத் தொங்கவிடுங்கள். அறை வெப்பநிலையிலிருந்து 1500 வரை அது ஓட்டட்டும். பைரோமீட்டர் 1000-லிருந்து பார்க்கத் தொடங்கும் வகை என்றால் 1000 முதல் 1500 வரை இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். 1500-ல் கன்ட்ரோலரை பைரோமீட்டருக்கு மாற்றிவிட்டு கம்பியை ஃபெல்ட்டுக்கு மேலே தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே குறிக்குத் திரும்ப இறக்க வேண்டும், மில்லிவோல்ட் சொன்ன காரணத்தால்தான். இப்படி ஓட்டினால் அலுமினா மணியே போதும், ஹாஃப்னியா செலவும் மிச்சம்.

பைரோமீட்டர் எதைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். வில்லையைப் பார்க்க வைக்காதீர்கள், மெக்னீசியாவின் எமிசிவிட்டி (சூட்டுக்கேற்ப ஒளி வீசும் திறன்) குறைவு, நிலையாகவும் இருக்காது. பக்கச் சுவரில் கிராஃபைட் கட்டை ஒன்றில் 8 மி.மீ. விட்டம், 50 மி.மீ. ஆழத்தில் குருட்டுத் துளை போட்டு அதன் அடியைப் பார்க்க வையுங்கள். ஆழம் விட்டத்தைப் போல ஆறு மடங்கு இருந்தால் எமிசிவிட்டி 0.99-க்குப் பக்கம் வரும்.

கண்ணாடி ஜன்னல் படியும். ஒற்றை நிற பைரோமீட்டர், 0.9 மைக்ரான் அலைநீளம், 2000 டிகிரி என்றால் ஒளி 10 சதவீதம் குறைய ரீடிங் 32 டிகிரி குறையும். புதுச் சுத்தக் கண்ணாடியே இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், அதை முதலிலேயே செட்டிங்கில் ஈடுகட்ட வேண்டும். இரு நிற பைரோமீட்டர் வாங்கினால் பொதுவான அழுக்குக்குத் தப்பலாம். ஆனால் மெக்னீசியா புகை நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும், அதில் இரு நிறமும் தடுமாறும். பார்வைக் குழாய் வழியாக ஆர்கானை உள்நோக்கி ஊதுங்கள், புகை ஜன்னலுக்கே வராது. முடிந்தால் ஒரு ஷட்டர், பார்க்கும்போது மட்டும் திறக்க.

வில்லையைத் திறந்த கிராஃபைட் தட்டில் வைக்காமல், மூடியுள்ள டங்ஸ்டன் கிண்ணத்தில் வைத்தால் ஆவி பாதி அடங்கும். மெக்னீசியா-கார்பன் செங்கலை 2000-ல் சோதிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். கார்பன் உள்ளேயே இருக்கிறது, எந்தக் கிண்ணத்தில் வைத்தாலும் அது தன்னைத்தானே தின்னும். கிடைக்கிற எண்ணுக்குப் பொருள் இல்லை.

கருப்பூர்_உலை எழுதியது:

ஸ்லைடு க்ளாண்ட் யோசனை பிடித்திருக்கிறது. கேலிபிரேஷனுக்கு ஒவ்வொரு முறையும் வெளியே அனுப்பாமல் உலையிலேயே சரிபார்க்க வழி உண்டா? பல்லேடியம் துண்டு உருகும் இடத்தைப் பார்க்கலாம் என்று படித்தேன், 1554.8 டிகிரி.

ஒளிமானி எழுதியது:

கிராஃபைட் மேல் பல்லேடியத்தை வைத்தால் 1554.8-ல் உருகாது, கார்பனைக் கரைத்துக்கொண்டு 1492-லேயே உருகிவிடும். பலர் இங்கே 60 டிகிரி தப்பாகத் திருத்திக்கொள்கிறார்கள். பிளாட்டினமும் அப்படியே, தனியாக 1768, கிராஃபைட் மேல் 1738. இதை எதிரியாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிராஃபைட் மூடியில் சிறு குழி போட்டு 0.1 கிராம் பிளாட்டினத் தகடு வையுங்கள். 1720 காட்டும்போது பத்து நிமிடம் நிறுத்தி, இறக்கிப் பாருங்கள். உருகவில்லையென்றால் அடுத்த முறை 1730, பிறகு 1740. உருண்டையாகச் சுருண்ட அன்றைக்கு நீங்கள் 1738-ஐத் தாண்டிவிட்டீர்கள். இன்னும் மேலே ஒரு புள்ளி வேண்டுமென்றால் ருத்தீனியம்-கார்பன், 1953.

கீழ்ப்பக்கத்துக்கு நம்ம ஊரிலேயே நல்ல புள்ளி இருக்கிறது. வெள்ளி, 961.78 டிகிரி. சர்வதேச வெப்பநிலை அளவுகோலில், அதற்கு மேல் உள்ளதையெல்லாம் கதிர்வீச்சால் வரையறுப்பதே அந்த இடத்திலிருந்துதான். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும்போது 999 தூய வெள்ளிக் கட்டியாகக் கேளுங்கள். கொலுசுக்கு உருக்கும் கலப்பு வெள்ளி வேண்டாம், அதில் தாமிரம் இருக்கும், உறையும்போது ரீடிங் அசையாமல் நிற்கும் சமதளமே வராது. 200 கிராம், கிராஃபைட் மூசை, கிராஃபைட் மூடி, ஆர்கான். நுனியை மெல்லிய அலுமினா உறையோடு வெள்ளிக்குள் 40 மி.மீ. மூழ்க வைத்து, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் இறக்குங்கள். உறையும்போது ரீடிங் சில நிமிடம் அசையாமல் நிற்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். பத்து ஹீட்டுக்கு ஒருமுறை செய்து, முதல் முறையை விட 10 டிகிரி விலகினால் அந்தக் கம்பியைக் கழற்றிவிடலாம்.

ஒன்று மட்டும், பிளாட்டினச் சோதனையை வெள்ளிச் சோதனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெள்ளி 1000-க்கு மேல் போனால் ஆவியாகி எல்லா இடத்திலும் ஒட்டும், அப்புறம் பிளாட்டினம் அதோடு கலந்து முன்பே உருகும்.

மில்லிவோல்ட் எழுதியது:

கழற்றிய கம்பியைப் பற்றி, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சூடான பகுதியை முழுவதும் வெட்டிவிட்டு, மேலே தலைப்பக்கம் இருந்த நீளம் நீலமோ மங்கலோ இல்லாமல் பளபளப்பாக இருந்தால், அதில் குட்டையான இன்னொரு தெர்மோகப்பிள் செய்யலாம். ஆனால் 1200-க்குள் ஓட்டும் வேலைக்கு மட்டும். கூடவே காம்பன்சேட்டிங் கேபிளுக்கும் தலையிலுள்ள டெர்மினல் பிளாக்குக்கும் ஒரே உலோகத் திருகு கேளுங்கள். பித்தளைத் திருகில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்று இருந்தால் அதுவும் ஒரு தெர்மோகப்பிள்தான்.